அரை வைத்தியனும் முழுப் பூசணிக்காயும்

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள்? பெரிய பெருமாள், தாயார், சக்கரத்தாழ்வார், ஆயிரங்கால் மண்டபம், வெளியே வந்து ஒரு காபி... அநேகமாக இதுதான் நம் எல்லோருடைய ரூட்! அடுத்த முறை போகும்போது தன்வந்திரி சந்நிதி எங்கே என்று விசாரித்து, ஒரு ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். ஒரு கையில் அமிர்த கலசம். அது நாம் எதிர்பார்க்கிறதுதான். இன்னொரு கையில் இருப்பதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். அட்டை! ஆமாம், ரத்தம் உறிஞ்சுமே, அதே அட்டைப்பூச்சிதான். கெட்ட ரத்தத்தை வெளியே எடுக்க அந்தக் கால டாக்டர்கள் வைத்திருந்த 'சிரிஞ்சு' அது.

சாமி கையில் மருத்துவக் கருவி இருக்கிறதென்றால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்திருக்க வேண்டும், இல்லையா? இருந்தது. ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டு ஒன்று அதைச் சொல்கிறது. சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493-ல் வெட்டப்பட்டது. ஹொய்சள மன்னன் ராமநாதன் காலத்தில், 1257 வாக்கில், சிங்கண தண்டநாயக்கர் என்ற படைத்தலைவர் கோயிலுக்குள் ஓர் ஆரோக்கியசாலை வைத்தார். (ஹொய்சளர்கள் கன்னட தேசத்து ராஜாக்கள்தான். ஆனால், நம் சமயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணனூரில் உட்கார்ந்துகொண்டு காவிரிக் கரையை ஆண்டார்கள்!) பிறகு வந்த படையெடுப்புக் கலவரங்களில் ஆரோக்கியசாலை சிதைந்துபோனது. இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து, கருடவாகன பட்டர் என்ற பட்டப் பெயர் கொண்ட ஸ்ரீநிவாசர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரியையும் எழுந்தருளப் பண்ணினார்.

ஆஸ்பத்திரி இருந்தால் டாக்டர் வேண்டும். டாக்டர் வேண்டுமென்றால் அவருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. விக்கிரம சோழன் காலத்தில், 1121-ல், திருவாவடுதுறையில் மருத்துவம் படித்த மாணவர்களுக்குச் சாப்பாடு போட ஏற்பாடு செய்த கல்வெட்டு இருக்கிறது. வாக்பட்டரின் அஷ்டாங்க ஹிருதயமும் சரக சம்ஹிதையும் பாடப் புத்தகங்கள். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 'வீரசோழன்' என்ற ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலையே கொடுத்துவிடுகிறது. பதினைந்து படுக்கை. வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவைச் சிகிச்சை செய்கிற சல்லியக்கிரியைக்காரருக்கு 30 கலம் நெல். சர்ஜனுக்கு வைத்தியரில் மூன்றில் ஒரு பங்குதான் நெல்! இன்றைக்கு எந்த சர்ஜனிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், கத்தியை எடுத்துக்கொண்டு துரத்துவார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மருந்து கொடுக்கிறதைப் புத்தகத்தில் படிக்கலாம், குருவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கத்தி பிடிக்கிறதை எப்படிப் படிப்பது? உலகத்திலுள்ள எந்தப் பெரிய சர்ஜனுக்கும் ஒரு 'முதல் நாள்' இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் கை நடுங்கியிருக்கும். அந்த நடுக்கத்துக்குக் கீழே படுத்திருந்த மனிதர் யார்?

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று நம் ஊர்ப் பழமொழி. 'ஐயையோ, அது அப்படியில்லை. ஆயிரம் வேரைக் கொண்டவன், அதாவது ஆயிரம் மூலிகை தெரிந்தவன் என்பதுதான் சரி' என்று தமிழய்யாக்கள் திருத்துவார்கள். இருக்கலாம். ஆனால், ஜனங்கள் ஏன் விடாப்பிடியாகக் 'கொன்றவன்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? புதுக் கையிடம் மாட்டிக்கொண்ட அனுபவம் ஊருக்கு ஊர் இருந்திருக்கும்! மருத்துவக் கல்வியின் சரித்திரமே, ஒரு விதத்தில், அந்த 'ஆயிரம் பே'ரைக் குறைப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த தந்திரங்களின் சரித்திரம்தான்.

அந்தத் தந்திரத்தை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் நம்மவர், சுஸ்ருதர். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சுஸ்ருத சம்ஹிதையில், சூத்திரஸ்தானத்தின் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க 'பிராக்டிகல் கிளாஸ்'. 'எவ்வளவு படித்திருந்தாலும் பழகிப் பார்க்காதவன் வேலைக்கு ஆகமாட்டான்' என்பதுதான் அதன் அடிப்படை. எதில் பழகுவது? மார்க்கெட்டுக்குப் போங்கள் என்கிறார்! வெட்டிப் பழக பூசணி, சுரைக்காய், தர்பூசணி, வெள்ளரி. கீறி உள்ளேயிருப்பதை வெளியேற்றப் பழக, நீரும் சேறும் நிரப்பிய தோல்பை. ரத்தக் குழாயைக் குத்தத் தாமரைத் தண்டு, செத்த மிருகத்தின் நரம்பு. புண்ணுக்குள் கம்பி விட்டுச் சோதிக்க, பூச்சி அரித்த கட்டை, மூங்கில். உள்ளே சிக்கியதைப் பிடுங்கி எடுக்கப் பலாச்சுளைக் கொட்டையும் வில்வப்பழமும். தையல் போட, கெட்டித் துணியும் மெல்லிய தோலும். பல் பிடுங்க, செத்த விலங்கின் வாய்.

கட்டுப் போடப் பழகுவதற்கு? அதற்குத்தான் ஒரு முழு மனித பொம்மை! துணியாலும் மற்றதாலும் ஆளுயரத்துக்குச் செய்த உருவத்தின் கை, கால், தலையெல்லாம் மாணவன் கட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய மருத்துவக் கல்லூரிகளில் 'மேனிக்வின்' என்கிறார்களே, அதன் கொள்ளுத் தாத்தா.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்தத் தேர்வில் இருக்கிற நுணுக்கம். ஏதோ கையில் கிடைத்த காய் இல்லை. பூசணித் தோல் கத்திக்குக் கொடுக்கிற எதிர்ப்பு வேறு, வெள்ளரித் தோல் கொடுப்பது வேறு. தாமரைத் தண்டு உள்ளே துளையோடு வழுக்கும், நரம்பும் அப்படித்தான். கண்ணுக்கு எது மனித உடம்பு மாதிரித் தெரிகிறது என்று பார்க்கவில்லை அவர். *விரலுக்கு* எது மனித உடம்பு மாதிரித் தெரிகிறது என்று பார்த்திருக்கிறார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நம் ராஜேந்திர சோழன் ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில், 1027-ல், சீனாவில் வாங் வெய்யி என்ற மருத்துவர் வெண்கலத்தில் ஒரு மனிதனை வார்த்தார். உடம்பெங்கும் அக்குபங்சர் புள்ளிகளுக்குத் துளை. மேலே மெழுகு பூசி மறைத்து, உள்ளே திரவம் நிரப்பிவிடுவார்கள். மாணவன் சரியான இடத்தில் ஊசி குத்தினால் திரவம் கசியும், பாஸ்! கசியாவிட்டால் போய்ப் படிச்சுட்டு வா!

• • •

இப்போது திருச்சியிலிருந்து ஐம்பத்து சொச்சம் கிலோமீட்டர் கிழக்கே, தஞ்சாவூர் அரண்மனைக்குள் எட்டிப் பார்ப்போம். இரண்டாம் சரபோஜி, 1798-ல் பட்டத்துக்கு வந்தவர். ஆட்சி அதிகாரத்தை கும்பெனிக்காரன் பிடுங்கிக்கொண்டான். மிச்சமிருந்த நேரத்தை எல்லாம் மனிதர் புத்தகத்திலும் விஞ்ஞானத்திலும் செலவழித்தார். கண் வைத்தியத்தில் அவருக்கு அப்படியொரு மோகம். எந்தக் கண்ணில் என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து வைத்த குறிப்புகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன.

அவருக்கு உடற்கூறு படிக்க ஆசை வந்தது. அங்கேதான் சிக்கல். மனித எலும்பைத் தொட்டால் தீட்டு! ராஜாவாக இருந்தாலும் தீட்டு தீட்டுதானே... சரபோஜி என்ன செய்தார் தெரியுமா? தந்தத்தில் செதுக்கிய முழு மனித எலும்புக்கூடு ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார். 1804-ல் தஞ்சாவூருக்கு வந்த லார்டு வேலன்ஷியா என்ற ஆங்கிலேயப் பிரபு இதைத் தன் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். யானையின் தந்தத்தில் மனிதனின் எலும்பு! சாஸ்திரத்தையும் மீறவில்லை, சயின்ஸையும் விடவில்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தின் மீது கத்தி வைத்து அந்தத் தீட்டை உடைத்தது 1836-ல். அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே சரபோஜி போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரபோஜியைப் பார்த்து அசந்துபோன இன்னொரு வெள்ளைக்காரர் ரெஜினால்ட் ஹீபர், கல்கத்தா பிஷப். 1826 மார்ச் கடைசியில் தஞ்சாவூரில் ராஜாவைச் சந்தித்துவிட்டு, அங்கிருந்து நேரே திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் மாசத் திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 3-ம் தேதி காலையில் கோட்டைக்குள் இருக்கும் மாதாகோயிலில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு வழிபாடு நடத்திவிட்டு, தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பி, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் குளிக்க இறங்கினார். அரை மணி நேரமாக சத்தமே இல்லை. வேலைக்காரன் பயந்துபோய்க் கதவைத் திறந்தால்... பிஷப் தண்ணீருக்குள்ளே கிடக்கிறார்.

தூக்கி வெளியே போட்டார்கள். டாக்டர் ஓடி வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பைத் தேய்த்தார்கள். நுரையீரலுக்குக் காற்று ஊதியும் பார்த்தார்கள். உயிர் திரும்பவில்லை. அப்போது ஹீபருக்கு வயது நாற்பத்திரண்டு. திருச்சி செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில் அடக்கம்.

தண்ணீரிலிருந்து எடுத்தவரிடம் ரத்தம் எடுக்கிறது என்ன வைத்தியம் என்று நாம் இன்றைக்குக் கேட்கலாம். அன்றைக்கு அதுதான் சரியான வைத்தியம்! நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தை நடத்தலாம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோவன்ஹோவனும் அவருடைய சகாக்களும் எழுதியது 1960-ல்தான். சொல்லிவிட்டார்களே தவிர, பழகுவது யார் நெஞ்சில்? உயிரோடு இருக்கிறவன் மீது அமுக்கினால் விலா எலும்பு போய்விடும்!

இங்கே ஒரு பொம்மை வியாபாரி வருகிறார். நார்வே நாட்டு ஸ்டவாஞ்சர் நகரத்தின் அஸ்முண்ட் லேர்டால். மென்மையான பிளாஸ்டிக்கில் குழந்தைகளுக்குப் பொம்மையும் காரும் செய்துகொண்டிருந்தவர். அவருடைய சின்ன மகன் ஒரு நாள் தண்ணீரில் விழுந்து, நூலிழையில் பிழைத்தான். பீட்டர் சாஃபர் போன்ற டாக்டர்கள் யோசனை சொல்ல, வாயில் காற்று ஊதவும் நெஞ்சை அழுத்தவும் தோதான ஆளுயரப் பெண் பொம்மையை 1960-ல் செய்துவிட்டார். பெயர் ஆன். அந்த முகம், பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சு. நதியில் போனவள், அப்புறம் லட்சோப லட்சம் பேருக்கு உயிர் கொடுக்கக் கற்றுக்கொடுத்தாள்! இன்றைக்கு நம் ஊர் மாணவர்கள் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கிப் பழகுவது அந்தப் பொம்மையின் வாரிசுகள் மீதுதான்.

பொம்மை விஷயத்தில் லேர்டாலுக்கு முன்னோடி, பிரெஞ்சு மருத்துவச்சி மேடம் து குத்ரே. 1759-ல் அரசர் பதினைந்தாம் லூயி, 'நாடு முழுக்கப் போய்க் கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடு' என்று உத்தரவு கொடுத்தார். அந்த அம்மா துணி, தோல், பஞ்சு வைத்து ஒரு தாயின் இடுப்பைத் தைத்தார், உள்ளே ஒரு குழந்தைப் பொம்மை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்தான் மாணவிகள். புத்தகத்தால் ஆகாததைப் பொம்மை செய்தது. ஊர் ஊராக அதைத் தூக்கிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அலைந்து ஆயிரக்கணக்கான பெண்களைத் தயார் செய்திருக்கிறார். அதில் ஒரு பொம்மை ரூவான் நகர மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.

• • •

சுஸ்ருதர் காய்கறியில் ஆரம்பித்தது கடைசியில் கம்ப்யூட்டருக்குள் போனதற்கு, வைத்தியர்கள் காரணமில்லை; விமானிகள்! ஆர்கன் வாத்தியம் செய்கிற குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், வாத்தியத்தில் உபயோகிக்கும் துருத்தி, காற்றுக் குழாய்களை வைத்தே 1929-ல் ஆடி அசையும் ஒரு டம்மி விமானம் கட்டினார். முதலில் பொருட்காட்சியில் குழந்தைகள்தான் ஏறி விளையாடினார்கள். 1934-ல் தபால் விமானங்களை ஓட்டப் போன ராணுவ விமானிகள் வரிசையாகச் செத்துப்போகவும், ராணுவம் ஓடி வந்து ஆறு டம்மிகளை வாங்கிப்போனது. தரையிலேயே ஆயிரம் முறை விழுந்து பழகியவன் வானத்தில் விழமாட்டான்!

டாக்டர்களுக்கு இந்தப் புத்தி வர இன்னும் நாள் ஆயிற்று. விமானி தப்புச் செய்தால் அவனும் சேர்ந்து சாகிறான். டாக்டர் தப்புச் செய்தால் நோயாளி மட்டும்தான். கொஞ்சம் கசப்பாக இருக்கிறதா? எனக்கும்தான். தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதிலும் எல்லா நோயாளியும் இல்லை. பணம் கொடுத்துத் தனி ரூமில் படுத்திருப்பவர், 'சீனியர் டாக்டர்தானே பண்ணுவார்?' என்று கேட்கலாம். தர்ம ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவர் கேட்க மாட்டார். லண்டனோ பாரிஸோ மெட்ராஸோ, மருத்துவக் கல்வி நூற்றாண்டுக் கணக்காக ஏழையின் உடம்பில்தான் நடந்தது. நாம் இன்று அனுபவிக்கும் நல்ல மருத்துவத்துக்கு, பேர் தெரியாத எத்தனையோ பேர் கட்டிய ஃபீஸ் அது.

கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை மாற்ற ஆரம்பித்தது. 1968-ல் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டிக்கொள்கிற ஒரு திரையைச் செய்தார். பாரம் தாங்காமல் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது! 1980-களின் கடைசியில் ஜேரன் லேனியர் 'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்ற பெயரைப் பிரபலப்படுத்தினார். நாம் அதற்கு 'மெய்நிகர்' என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டோம். 2012-க்கு அப்புறம் ஆக்குலஸ் வந்து, கண்ணாடியின் விலை இறங்கி, இன்றைக்கு ஒரு நல்ல செல்போன் விலைக்குக் கிடைக்கிறது.

அது உண்மையில் பிரயோஜனப்படுகிறதா, இல்லை, வெறும் வித்தையா? 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். பித்தப்பையைத் துளை வழியே அகற்றும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். பயிற்சி டாக்டர்கள் 16 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான பயிற்சியோடு கம்ப்யூட்டர் திரையில் மெய்நிகர்ப் பயிற்சியும் கொடுத்தார்கள், மீதிப் பேருக்குப் பழைய முறை மட்டும். அப்புறம் எல்லோரும் நிஜ ஆபரேஷன் தியேட்டருக்குள்! மெய்நிகர்க்காரர்கள் 29 சதவிகிதம் வேகமாக முடித்தார்கள். மற்றவர்களோ பித்தப்பையைக் காயப்படுத்தவும், சுடக்கூடாத இடத்தைச் சுட்டுவிடவும் ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. ஐந்து மடங்கு! சின்ன சோதனைதான். ஆனால், சர்ஜன்கள் மூக்கின் மீது விரல் வைத்த சோதனை.

திருச்சிக்கு வருவோம். பெரியமிளகுபாறையில் 1997-ல் ஆரம்பித்த அரசு மருத்துவக் கல்லூரிக்குத் திருச்சிக்காரரான முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர். அவர் தமிழறிஞர்தானே, மருத்துவக் கல்லூரிக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். தமிழ் மருந்துகளைப் பற்றியே புத்தகம் எழுதியவர் அவர்! இந்தக் கல்லூரி தொடங்கிய காலத்தில் 'நோயாளியிடம் போய்க் கற்றுக்கொள்' என்பதுதான் இந்தியா முழுக்க வழக்கம். 2019-ல் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்தபோது அது மாறியது. எல்லாக் கல்லூரியிலும் 'ஸ்கில்ஸ் லேப்' கட்டாயம். ஊசி போடுவதோ, மூச்சுக்குழாய்க்குள் டியூப் விடுவதோ, முதலில் பொம்மை, அப்புறம்தான் மனிதர். சுஸ்ருதரின் ஒன்பதாவது அத்தியாயம் அரசாங்க கெஜட் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது!

மெய்நிகர்க் கண்ணாடி அந்த லேபுக்கு அடுத்த படி. மாட்டிக்கொண்டால் விபத்து வார்டு எதிரே நிற்கும். ரத்தம் கொட்டுகிற நோயாளி, அலறுகிற உறவினர், பீப் பீப்பென்று மானிட்டர். நர்ஸிங் மாணவி தப்பான மருந்தை எடுத்தால் நோயாளி சாவார். பட்டனை அழுத்தினால் எழுந்து உட்காருவார். இருதயத்துக்குள் நடந்து போகலாம். பக்கத்து பெஞ்ச்சில் ஒருத்தருக்குத் தலைசுற்றல் வந்து வாந்தி எடுப்பதும் நடக்கும், அது கண்ணாடியின் பழைய வியாதி.

ஆனால், விரல்? சொன்னேன் இல்லையா, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி. கண்ணாடி கண்ணையும் காதையும் ஏமாற்றும். வீங்கிய வயிற்றின் இறுக்கத்தை, நாடியின் துள்ளலை, ஊசி நரம்புக்குள் இறங்கும்போது வருகிற அந்தச் சின்ன 'டப்'பை அதனால் தர முடியாது. பூசணிக்காய் தந்ததை லட்ச ரூபாய் மெஷின் தரத் திணறுகிறது! தொடு உணர்வையும் உண்டாக்குகிற 'ஹேப்டிக்ஸ்' என்ற துறையே இதற்காக முட்டி மோதுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணனின் ஆய்வுக்கூடம் பல வருஷமாக இந்த விரல் விஷயத்தில்தான் உழைத்துக்கொண்டிருக்கிறது. அது கைகூடும் வரை கண் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் ஆட்டுக் கண்ணை வாங்கி வந்து தைத்துப் பழகத்தான் வேண்டும்.

இன்னொரு சங்கதி. மெய்நிகர் உடம்பு என்றால் முழுக்க கம்ப்யூட்டர் கற்பனை என்றுதானே நினைக்கிறீர்கள்? 1993-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜோசப் பால் ஜெர்னிகன் என்ற கொலைக் கைதிக்கு விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அவர் தன் உடம்பை விஞ்ஞானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதை உறைய வைத்து, தலையிலிருந்து கால் வரை ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவிச் சீவி, ஒவ்வொரு பரப்பையும் படமெடுத்தார்கள். மொத்தம் 1,871 படங்கள். 1994-ல் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் அவற்றை வெளியிட்டது. மறு வருஷம் மேரிலாந்தைச் சேர்ந்த 59 வயதுப் பெண்மணி ஒருவரின் உடம்பு, இன்னும் மெல்லிசாக, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்கள். பெயர் சொல்லப்படாத அந்த அம்மாவையும் அந்தக் கைதியையும் அடிப்படையாக வைத்துத்தான் உலகத்தின் பல கம்ப்யூட்டர் உடம்புகள் வளர்ந்தன.

ரூவான் மியூசியத்தில் மேடம் து குத்ரேயின் பொம்மை இருக்கிறது என்றேன் அல்லவா? வெறும் துணியும் பஞ்சும்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது நிஜமான ஒரு பெண்ணின் இடுப்பு எலும்பு.